‘நகுசா’ என்று ஒரு பெயர்

மகாராஷ்டிரக் குடும்பங்களில் குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் ‘பார்ஸே’ நடக்கும். தொட்டிலை அலங்கரிப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடித் தாலாட்டுப் பாடுவார்கள். அத்தை குனிந்து குழந்தையின் காதில் பெயரைச் சொல்வாள். குழந்தையிடம் முறைப்படி சொல்லப்படுகிற முதல் சொல் அது. சாத்தாரா மாவட்டத்துக் கிராமங்களில் பல பெண் குழந்தைகளுக்கு அப்படிக் கிடைத்த சொல் ‘நகுசா’. பொருள்: வேண்டாதவள்.

மராத்தியில் ‘நகோ’ என்றால் ‘வேண்டாம்’. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் வேலூர், ஆம்பூர் பக்கமும் தக்கினி உருது பேசுகிறவர்கள் வாயில் ‘நக்கோ’ என்று புழங்குவதும் இதே சொல்தான். காய்கறிக்காரரிடமும், இரண்டாம் முறை சோறு பரிமாற வருகிறவரிடமும் சொல்கிற சாதாரணமான சொல். அதோடு ஒரு விகுதி சேர்ந்தால் ‘நகோஸா’, பெண்பாலில் ‘நகோஷீ’. வேண்டாததாகத் தோன்றுகிற ஒன்று என்று அர்த்தம். அதுதான் பேச்சில் தேய்ந்து நகுசா, நகுஷா, நகுஷீ என்று பலவிதமாகி, பள்ளிப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் ஏறியது. 2009-ல் கலர்ஸ் சேனலில் தொடங்கிய ‘லாகீ துஜ்சே லகன்’ என்ற இந்தித் தொடரின் நாயகிக்கும் நகுஷா என்றுதான் பெயர். மராத்தி தெரியாத வீடுகளுக்கும் அந்தச் சொல் அப்படிப் போய்ச் சேர்ந்தது.

இது மராத்தியின் தனிச்சொத்து அல்ல. ராஜஸ்தானில் ‘தாபூ’ என்று பெண்கள் உண்டு. வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று பொருள். ஹரியானாவில் ‘பதேரி’, அதுவும் வேண்டிய மட்டும் ஆகிவிட்டது என்பதுதான். வங்காளத்தில் ‘ஆன்னாகாளி’ என்ற பெயர் காளி பக்தியைக் காட்டுவதுபோல் இருக்கும். பிரித்துப் பார்த்தால் ‘ஆர் நா, காளி’ - இனி வேண்டாம், காளி! தமிழர்கள் புருவத்தை உயர்த்துவதற்கு வழியில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் ‘போதும்பொண்ணு’ இருக்கிறாள். கச்சேரியை முடித்துவைப்பது போல் கடைசிப் பெண்ணுக்கு ‘மங்களம்’ என்றும் ‘சம்பூர்ணம்’ என்றும் நாசூக்காகப் பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. நாசூக்குக்கு இடமில்லாத இடம் திருத்தணி அருகே நாராயணபுரம் கிராமம். அங்கே பெண்ணுக்குப் பின் பெண்ணாகப் பிறந்த வீடுகளில் ‘வேண்டாம்’ என்றே பெயர் வைக்கும் வழக்கம் 2019-ல் பத்திரிகைகளில் அடிபட்டது. நகுசாவுக்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்காது.

மட்டமான பெயர் வைப்பதெல்லாம் வெறுப்பின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் ‘குப்புசாமி’, ‘குப்பம்மாள்’ என்று அழைத்தாள். ‘பிச்சை’ என்ற பெயரும் அப்படி வந்ததே. வங்காளத்தில் குழந்தையைப் பெயருக்கு விற்று, சில சோழிகள் கொடுத்துத் திரும்ப வாங்கி, ‘தீன்கோடி’, ‘பாஞ்ச்கோடி’ என்றார்கள்: மூன்று சோழி, ஐந்து சோழி. இது எமனை ஏமாற்றுகிற தந்திரம். ‘மதிப்பில்லாத பிள்ளை, விட்டுவிடு’ என்று சொல்லி, பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்வது.

நகுசா வேறு ஜாதி. அந்தப் பெயர் அவளைக் காப்பதற்காக வைத்ததல்ல. அடுத்த பிரசவத்துக்காக வைத்தது. ‘பெண் போதும், இனி ஆண் கொடு’ என்று கடவுளுக்கு எழுதிய மனுவை ஒரு குழந்தையின் மேல் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பெற்றவர்களைக் கேட்டால், ‘அவள்மேல் பாசம் இல்லாமலா? ஐதீகம், வைத்தோம்’ என்பார்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மனு முடிந்த பிறகும் அந்தப் பெயரோடு வாழப்போகிறவள் அவள். வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது ‘வேண்டாதவள்’ என்றதும் எழுந்து ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.

இந்த ஐதீகம் இத்தனை காலம் நிலைத்ததற்கு எளிமையான காரணம் இருக்கிறது. மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறப்பதும் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பில் ஆணாகத்தான் இருக்கும். எனவே நகுசா பிறந்த வீடுகளில் சுமார் பாதியில் அடுத்தது ஆண். ‘பார்த்தாயா, பலித்துவிட்டது’ என்று ஊர் பேசும். பலிக்காத வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்படி ஒரு வைத்தியம் பாதி நோயாளிகளைத் தானாகவே குணப்படுத்தினால், வைத்தியருக்குக் கூட்டம் குறையுமா?

2011 அக்டோபர் 22-ல் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் இந்தப் பெயருக்கு விழா எடுத்து விடை கொடுத்தது. மாவட்டம் முழுக்கத் தேடி 285 சிறுமிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். நல்ல உடை உடுத்தி, சடையில் ரிப்பன் கட்டி வந்த பெண்கள் வரிசையில் நின்று, புதுப் பெயர் எழுதிய சான்றிதழையும் சிறு பூச்செண்டையும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் சினிமா நட்சத்திரங்களின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலர் தெய்வங்களின் பெயரை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, பாறைபோல் உறுதியானவள் என்று தான் பொருள் கொண்ட ஒரு பெயரை எடுத்துக்கொண்டாள். முதல்முறையாகத் தங்கள் பெயர் விஷயத்தில் அவர்களை யாரோ அபிப்பிராயம் கேட்டார்கள். 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்ரிபாய் புலே பிறந்ததும் இதே சாத்தாரா மாவட்டத்து நாய்காவில்தான் என்பதால், அங்கே இந்த விழாவுக்குத் தேவை இருந்ததே ஒரு தலைகுனிவு.

சட்டம் பெயர் விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. 1969-ம் வருடப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். பெயரைப் பிறகு சேர்க்கலாம். அவசரப்பட்டு ‘வேண்டாம்’ என்று எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இனி நகுசாக்கள் குறைவார்கள் என்று மகிழ்வதற்கு முன் வேறு ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு 1991-ல் 946 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் அது 913. 2011-ல், சாத்தாராவில் விழா நடந்த அதே வருடத்துக் கணக்கெடுப்பில், 894. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு எதிராக நாட்டிலேயே முதலில், 1988-ல், சட்டம் போட்ட மாநிலம் இது. 1994-ல் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது.

அதாவது, ஸ்கேன் மிஷின் வராத காலத்தில் வேண்டாத பெண்ணுக்கு ஒரு பெயராவது கிடைத்தது. அவள் பிறந்தாள், வளர்ந்தாள், வசைபோன்ற ஒரு பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கும் போனாள். மிஷின் வந்த பிறகு, கடவுளுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்று பல குடும்பங்கள் கண்டுகொண்டன. அந்த வீடுகளில் நகுசா என்ற பெயர் இல்லை, நகுசாவும் இல்லை. பெயர் மறைவது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது, பெயரோடு சேர்த்துப் பெண்ணும் மறைந்தாளா என்பதைப் பொறுத்தது.

2018 ஜனவரியில் வெளிவந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, பிறந்துவிட்ட பெண்கள் பக்கம் திரும்பியது. மகன் பிறக்கும் வரை பெற்றுக்கொண்டே போகும் குடும்பங்களில், அந்த முயற்சியின் நடுவே வந்து சேர்ந்த பெண்கள் - 25 வயது வரை உள்ளவர்கள் - 2.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. ‘வேண்டப்படாத பெண்கள்’ என்றே அறிக்கை அவர்களைக் குறிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு லட்சணமான பெயர்கள்தான் இருக்கும். சாத்தாராவில் பெயராக எழுதியதை மற்ற வீடுகளில் எழுதாமல் விட்டார்கள். தம்பிக்கு முதலில் பரிமாறும் தட்டிலும், அக்காவுக்குப் பாதியில் நிறுத்திய படிப்பிலும் அதே சொல்லைப் படித்துக்கொள்ளலாம். பின்னர் வந்த கணக்குகளில் சற்று ஆறுதல் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1,000 ஆண் பிறப்புகளுக்குப் பெண் பிறப்புகள் 2015-16-ல் 919, 2019-21-ல் 929.

ஹரியானாவின் ஹிசார் மாவட்டம் பகானா கிராமத்தில் 2004-ல் ஒரு வீட்டில் நான்காவதாகவும் பெண் பிறந்தது. இதோடு பெண் வரிசை முடியட்டும் என்று ‘அந்திம்’ எனப் பெயர் வைத்தார்கள். கடைசி என்று பொருள். தமிழில் ‘அந்திமக் கிரியை’யில் வருகிற அதே அந்திமம். அடுத்து ஒரு தம்பியும் பிறந்தான். அந்திம் பங்கால் மல்யுத்தம் கற்றுக்கொண்டார். 2022-ல் சோபியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியப் பெண்களில் அந்தப் பட்டத்தை வென்ற முதல்வர், ‘கடைசி’ என்று பெயருள்ளவர். அவரைப் பயிற்சிக்கு அனுப்பியதும் அதே குடும்பம்தான். பெயர் வைத்த அன்று இருந்த மனசு பிறகு மாறவும் முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் பதக்கம் வாங்கி வந்தால்தான் பெண் வேண்டியவள் என்றால், பதக்கம் வாங்காத மற்றவர்கள் எங்கே போவது?

2011-ல் சான்றிதழ் வாங்கியபோது பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்த சிறுமிகள் இப்போது இருபதுகளில் இருப்பார்கள். சிலர் வீட்டில் தொட்டிலும் ஆடிக்கொண்டிருக்கலாம். மராத்தியில் நகோவுக்கு எதிர்ச்சொல் ‘ஹவீ’. வேண்டும் என்று பொருள். பன்னிரண்டாம் நாள் அத்தை தொட்டிலில் குனியும்போது, எந்தப் பெயரைச் சொன்னாலும், அந்த அர்த்தம் அதில் இருந்தால் போதும்.