வரப்பில் என்ன மரம் வைக்கலாம்? காடு சொல்லும் கணக்கு

கேள்வி: குருமலைக் காட்டுக்குப் பக்கத்தில் எனக்கு 3 ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. வரப்பு முழுக்கத் தேக்கு வைத்தால் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று நாற்றுப்பண்ணையில் சொல்கிறார்கள். வைக்கலாமா?
- வாசகர், எட்டயபுரம் வட்டம்

பதில்: தேக்கு நல்ல மரம்தான். ஆனால் அது வடிகால் உள்ள, ஆழமான மண்ணைக் கேட்கும். மழையில் சேறாகிக் கோடையில் வெடிக்கும் நம் கரிசலில் பாசனம் இல்லாமல் வைத்தால், செலவுக்கு ஏற்ற பருமன் வராது. பிள்ளைகள் படிப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. வரப்பு முழுக்க ஒரே மரம், ஒரே வயது என்றால், ஒரு வறட்சியோ ஒரு பூச்சியோ வந்தால் மொத்தமும் ஒன்றாகப் போகும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை நாம் மறக்கவில்லை.

நீலகிரி மாவட்டம் முதுமலையில் இலையுதிர் காடு இருக்கிறது. அங்கே பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1988-ல் தொடங்கி, 50 எக்டர் காட்டில் 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து அளந்து வருகிறார்கள். முதல் கணக்கில் 25,000-க்கு மேல் மரங்கள், சுமார் 70 வகைகள். மழை நம்மைவிட அங்கே அதிகம், மரங்களும் வேறு. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். யானை சில வகைகளை விரும்பி ஒடித்துத் தின்கிறது, அவை குறைகின்றன. தீ வந்தால் சிறு கன்றுகள் கருகுகின்றன. தடித்த பட்டை உள்ள பெரிய மரங்கள் பிழைக்கின்றன. ஒவ்வொரு இடருக்கும் அடிபடுவது வேறு வேறு மரம் என்பதால் காடு நிற்கிறது.

ஆகவே மரத்தோப்பைப் பார்த்தால் பெரிய மரத்தை மட்டும் எண்ணாதீர்கள். உங்கள் ஊர்ப் புறம்போக்கில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட், கயிறு கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை வகை, நெஞ்சு உயரத்தில் (நாலரை அடி) ஒவ்வொன்றின் சுற்றளவு என்ன, கன்றுகள் எத்தனை என்று எழுதுங்கள். கன்று நிறைய, நடுத்தரம் கொஞ்சம், பெரியது சில என்று இருந்தால் அந்த இடத்துக்கு வாரிசு உண்டு. பெரிய மரங்கள் மட்டுமே நின்றால், ஆடு மேய்ந்தோ தீப்பட்டோ கன்று தங்கவில்லை என்று பொருள். இன்று பச்சையாகத் தெரிந்தாலும் நாளைக்கு அங்கே மரம் இராது.

உங்கள் வரப்புக்கு என் யோசனை இது:

1. குறைந்தது ஐந்து வகை வையுங்கள். வேம்பு, புளி, உசில், உடை, இலந்தை, எல்லையில் பனை. ஒட்டு இலந்தை மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கும். உடையின் நெற்று ஆட்டுக்குத் தீவனம். உசில் தழை உரமாகும். அதன் பொடி தலைக்குத் தேய்க்கவும் விலைபோகும். புளியும் பனையும் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கு.

2. ஒரே ஆண்டில் நட்டு முடிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகளில் நடுங்கள். வயது கலந்து வரும். போன கன்றுக்கு மாற்றும் வைக்கலாம்.

3. கோடையில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து ஆறப்போடுங்கள். கண்மாய் வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழையில் நடுங்கள். 15 முதல் 20 அடி இடைவெளி விடுங்கள்.

4. ஒவ்வொரு கன்றுக்கும் முள் அடைப்பு அவசியம். உங்கள் பக்கம் ஆட்டோடு மானும் வரும். கோடையில் தூரைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட்டு, வெடிப்பை மண்ணால் மூடிவிடுங்கள். வெடிப்பு விரிந்தால் வேர் அறுபடும்.

கன்றுகளுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள். எந்த வகை கையிருப்பில் இருக்கிறது என்று கோடையிலேயே கேட்டு வையுங்கள். மழை வந்தபின் கேட்டால், மீந்த வகைதான் கிடைக்கும். வரப்பு மறுபடியும் ஒரே மரமாகிவிடும்.