ஓடினால் மட்டும் போதுமா?

பிராசஸரை முடுக்கிவிடுவது ஐந்து நிமிட வேலை. முடுக்கிய பின்னும் அது சரியாகக் கணக்குப் போடுகிறது என்று உறுதி செய்ய ஒரு நாள்கூடப் போதாது.

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் ஒரே நாளில் பல சிப்களைச் சந்தைக்கு விட்டது. அவற்றில் ஒன்று பென்டியம் 2. வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். முன்னது வசதி படைத்தவர்களுக்கு, பின்னது சிக்கனக்காரர்களுக்கு என்பது இன்டெல்லின் கணக்கு. சீக்கிரமே அந்தக் கணக்கு கந்தலானது. 149 டாலர் சிப்பையும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடவைக்கலாம் என்று கம்ப்யூட்டர் பித்தர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவரை ஒரு சிறு கும்பலின் பொழுதுபோக்காக இருந்த ‘ஓவர்க்ளாக்கிங்’ கல்லூரி விடுதிகள்வரை போய்ச் சேர்ந்தது.

சூத்திரம் எளிது. பிராசஸரின் வேகம் என்பது மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பை ஓர் எண்ணால் பெருக்கி வருவது. செலரானுக்கு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் நாலரை. ஆக, 300. அந்தப் பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. காரணம் உண்டு. குறைந்த வேக சிப்பின் மேல் அச்சடித்ததைச் சுரண்டிவிட்டு, அதிக வேகம் என்று மறுபடி அச்சடித்து விற்கும் மோசடி தொண்ணூறுகளில் உலகெங்கும் நடந்தது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களே அதிகம் விற்ற நம் நாட்டில், பெட்டிக்குள் இருப்பது எது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் அடிப்படைத் துடிப்பை யாரும் பூட்டவில்லை. 66-ஐ 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450. சில மதர்போர்டுகள் சிப்பைப் பார்த்துத் தாமாகவே 66-ஐத் தேர்ந்தெடுக்கும். அதற்கும் வழி கண்டார்கள். சிப் அட்டையின் பி21 என்ற முனையை மெல்லிய டேப்பாலோ நெயில் பாலிஷாலோ மறைத்தால் போதும். போர்டு ஏமாந்து 100-ஐக் கொடுத்துவிடும். பல நூறு டாலர் வித்தியாசத்தை ஒரு சொட்டு நகப்பூச்சு துடைத்துவிட்டது.

இது எப்படி சாத்தியமாயிற்று? சிப் தயாரிப்பு அச்சு வார்ப்பது போன்றதல்ல. ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த சிப்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்து, எந்த வேகத்தைத் தாங்கும் என்று பார்த்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். அதிலும் தாராளமாக இடம் விடுகிறார்கள். மோசமான பவர் சப்ளை, தூசி அடைத்த ஃபேன், வெயில், பல வருட உழைப்பு எல்லாவற்றையும் தாண்டி அது ஓட வேண்டுமே. போதாக்குறைக்கு சந்தையின் தேவையும் குறுக்கிடுகிறது. மலிவான சிப்புக்குக் கிராக்கி அதிகமானால், வேகமாக ஓடக்கூடிய சிப்புக்கும் குறைந்த வேக முத்திரை விழும். ஓவர்க்ளாக் செய்பவர் பயன்படுத்திக்கொள்வது இந்த இடைவெளியைத்தான்.

இடைவெளிக்கும் எல்லை உண்டு. 300 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே 3.3 நானோசெகண்ட். 450-ல் 2.2. இன்றைய 5 ஜிகாஹெர்ட்ஸில் 0.2 நானோசெகண்ட். அந்த நேரத்தில் ஒளியே ஆறு சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் வழியாக சிக்னல் ஓடி, விடை உரிய இடத்தில் வந்து உட்கார வேண்டும். ஒரு சிக்னல் தாமதமானாலும் முந்தைய துடிப்பின் பழைய விடையையே சிப் புதியதாக எடுத்துக்கொள்ளும்.

சிக்னலை வேகப்படுத்த வோல்டேஜைக் கூட்டலாம். ஆனால் சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் மட்டுமல்ல, வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்திலும் ஏறுகிறது. வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் செலவு சுமார் 45 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாக மாறும். வெப்பம் ஏறினால் சிக்னல் மறுபடி மந்தமாகும், சிப்பின் ஆயுளும் தேயும். திரவ நைட்ரஜன், திரவ ஹீலியம் ஊற்றிச் சாதனை படைப்பது இதனால்தான். 2022 இறுதியில் இப்படித்தான் ஒரு இன்டெல் சிப் 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அது சில நொடி வேடிக்கை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உதவாது.

வேகம் ஏறியது, விண்டோஸ் திறந்தது, விளையாட்டு ஓடுகிறது. வேலை முடிந்ததா? அசல் பிரச்சினையே இங்குதான் ஆரம்பம். தவறும் கம்ப்யூட்டர்களில் இரண்டு ரகம். ஒன்று, நீலத் திரை காட்டி உறைந்துபோகும். அது நேர்மையான ரகம். தன்னால் முடியவில்லை என்று சொல்லிவிடுகிறது. மற்றது எதுவும் சொல்லாது. எங்கோ ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கிவிட்டு வேலையைத் தொடரும். தவறு ஒரு கணக்கேட்டிலோ, ஒரு கல்யாண ஆல்பத்திலோ பதிந்துவிடும். மாதக் கணக்கில் கழித்து ஃபைல் திறக்காதபோதுதான் தெரியும். 1998-லேயே இதை அனுபவித்தவர்கள் உண்டு. அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால், ஹார்டு டிஸ்க்கும் மற்ற கார்டுகளும் ஓடும் பிசிஐ பாதைக்கு அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது உரிய 33 மெகாஹெர்ட்ஸ் போகும். பயந்துகொண்டு 83-ல் நிறுத்தியவர்களின் போர்டோ அதைப் பாதியாக்கி 41-க்கு மேல் அனுப்பியது. சிப் தாங்கியது, பல டிஸ்க்குகளில் தகவல் சிதைந்தது. அதிக வேகத்தைவிடக் குறைந்த வேகம் ஆபத்தாக முடிந்த விசித்திரம் அது.

எனவே ஓவர்க்ளாக் செய்பவர்கள் ஒரு விசித்திரமான கருவியைத் தேடிப் போனார்கள். ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர் 1996-ல் மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டுமுயற்சி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் எழுதிய புரோகிராம்தான் பிரைம்95. ஒரே எண்ணைச் சோதிக்கவே வாரக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். நடுவே ஒரு பிட் புரண்டாலும் மொத்தமும் வீண். ஆகவே தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் வசதியும், விடை முன்பே தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடவைக்கும் ‘சித்திரவதைச் சோதனை’யும் அதில் உண்டு. விடை பிசகினால் உடனே காட்டிக்கொடுக்கும். பகா எண்ணில் துளியும் ஆர்வமில்லாதவர்கள்கூட அதை இரவெல்லாம் ஓடவிட்டார்கள்.

பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பிராசஸருக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. கோடி சோறு வெந்திருந்தாலும் ஒரு சோறு வேகாமல் இருக்கலாம். 2000-ல் இன்டெல்லே இதைக் கற்றுக்கொண்டது. ஏஎம்டியுடன் நடந்த வேகப் பந்தயத்தில், ஜூலை 31 அன்று 1.13 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அவசரமாக வெளியிட்டது. விமர்சகர் தாமஸ் பாப்ஸ்டின் கைக்கு வந்த சிப் பல சோதனைகளில் தேறியது. ஆனால் லினக்ஸ் கெர்னலைத் தொகுக்கச் சொன்னபோது திணறி விழுந்தது. முதலில் மறுத்த இன்டெல், ஆகஸ்ட் 28 அன்று அந்த சிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையில் அது தொழிற்சாலையிலேயே ஓவர்க்ளாக் ஆன சிப். பூட்டு போட்டவர்களே இடைவெளியைத் தின்றுவிட்டார்கள்.

அன்று விபத்தாகத் தெரிந்தது பிறகு வழக்கமாயிற்று. 2008 முதல் இன்டெல் சிப்கள் ‘டர்போ’ என்ற பெயரில், சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும்வரை தாமாகவே முடுக்கிக்கொள்கின்றன. 2010-ல் பூட்டில்லாத ‘கே’ ரகமும் வந்தது. மதர்போர்டு கம்பெனிகளோ ஒருவரையொருவர் முந்துவதற்காக மின்சார வரம்புகளைத் தளர்த்தியே விற்கின்றன. ரேம் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம்கூட, பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் கிடைக்கும். அதுவும் ஓவர்க்ளாக்கிங்தான் என்று வாங்குகிறவர் பலருக்குத் தெரியாது.

விளைவு 2024-ல் வெடித்தது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை உயர்ரக சிப்கள் விளையாட்டுகளின் நடுவே செயலிழந்தன. ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று திரையில் செய்தி வந்ததால் பலர் ஒரு பாவமும் அறியாத கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். முதலில் மதர்போர்டுகளின் அமைப்புகள்மீது விரல் நீண்டது. பிறகு தன் மைக்ரோகோடே சிப்புக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் சிப்புக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று தேய்ந்துபோகிறது என்று செப்டம்பரில் விளக்கியது. திருத்தம் வந்தது, உத்தரவாதம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. ஆனால் தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. அவற்றை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் பயாஸைத் தொட்டதே இல்லை.

முடுக்காத சிப்பும் பொய் சொல்லும். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் ஓர் உதாரணம் உண்டு. ஃபைல்களைச் சுருக்கிவிரிக்கும் வேலையில் சில ஃபைல்கள் காணாமல் போயின. துருவிப் பார்த்தால் குற்றவாளி ஒரு சர்வரில் இருந்த ஒரே ஒரு கோர். 1.1-ன் 52-ம் அடுக்கின் முழு எண் பகுதியைக் கேட்டால் சரியாக 142 என்றது. 53-ம் அடுக்கைக் கேட்டால் 156 என்பதற்குப் பதில் பூஜ்யம் என்றது. அளவு பூஜ்யமான ஃபைலை யார் சேமிப்பார்கள்? எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அது விடுபட்டுப்போனது. ஆயிரக்கணக்கான சர்வர்களும் கண்காணிப்புப் படையும் வைத்திருப்பவர்களுக்கே இது நேர்கிறது. இடைவெளியை இன்னும் குறைப்பவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

நம் ஊர் சீதோஷ்ணம் வேறு இருக்கிறது. ஃபேனோ தண்ணீர் கூலரோ சிப்பை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஜனவரியில் 25 டிகிரி அறையில் 80 டிகிரியோடு நின்ற சிப், மே மாதத்தில் அறை 38 டிகிரியாக இருக்கும்போது 93-ஐத் தொடும். கொஞ்சம் தள்ளினால் 100-ஐ நெருங்கி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் தேறிய சோதனை கோடைக்குச் செல்லாது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் எட்டிய எண்ணை அப்படியே நாக்பூரில் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லையா? அப்படியானால் முறையாகச் செய்யுங்கள். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். பயாஸை நிறுவனத்தின் சமீபத்திய பதிப்புக்கு மாற்றுங்கள். ரேமை முதலில் தனியாக மெம்டெஸ்ட்86-ல் சோதியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் தவறு யாருடையது என்றே தெரியாது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிது சிறிதாக மாற்றுங்கள். பிரைம்95-ஐ மணிக்கணக்கில் ஓட்டுங்கள், ஒரு கண் வெப்பநிலைமேல் இருக்கட்டும். அதோடு நிறுத்தாதீர்கள். இன்றைய சிப்கள் பளு குறைவாக இருக்கும்போதுதான் ஒரே கோரை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோகின்றன. எனவே கடும் சோதனையில் தேறிய கம்ப்யூட்டர், சும்மா இருக்கையில் விழுவது உண்டு. ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் எட்டிய உச்சத்திலிருந்து ஓரிரு படி இறங்கி நில்லுங்கள். கோடையில் மறுபடி சோதியுங்கள். உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் படித்துவிடுவது நல்லது. பூட்டில்லாத சிப்பை விற்பவரே, முடுக்கினால் உத்தரவாதம் போகலாம் என்று அதில் சொல்லியிருப்பார்.

செலரான் காலத்தில் இந்த உழைப்புக்குக் கூலியாக 50 சதவீத வேகம் கிடைத்தது. இன்று தொழிற்சாலையே பெரும்பகுதியைப் பிழிந்துவிடுவதால் மிஞ்சுவது சொற்பம். அதனால் விவரமறிந்த பலர் இப்போது எதிர்த்திசையில் போகிறார்கள். வோல்டேஜைக் குறைத்து, மின்சார வரம்பைக் கட்டி, சில சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து, சூடும் சத்தமும் குறைந்த கம்ப்யூட்டரை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கும் இதே சோதனைகள் தேவை. விளையாட்டுக்கு மட்டும் என்றால் எப்படியோ போகட்டும். கடைக் கணக்கும், மகளின் ஆய்வுக் கட்டுரையும், அப்பாவின் கடைசிப் புகைப்படங்களும் இருக்கும் கம்ப்யூட்டரில், உற்பத்தியாளர் விட்டுவைத்த அந்தக் கொஞ்ச இடைவெளியில் கைவைக்காமல் இருப்பதே லாபம்.