கடன்கொப்பியும் கணினியும்
கருவாட்டு வியாபாரத்துக்குக் கணினியில் கணக்கு வைக்க எது நல்லதென்று வாழைச்சேனைச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். 2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தபோது கடன்கொப்பியைத் தவறவிட்டு, வரவேண்டிய காசையும் இழந்த பெண்களை நான் அறிவேன். ஆகவே விலைக்கு முதல் இதைத்தான் பார்ப்பேன்: கணக்கைப் பிரதி எடுத்துக் கொண்டுபோக முடியுமா?

க்னூகேஷ் என்ற திறந்த மூல மென்பொருள் 1998 முதல் பாவனையில் உள்ளது. இலவசம்; கட்டணம் கட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளுமோ என்ற பயமில்லை. கணக்கு உங்கள் கணினியிலேயே கோப்பாக இருக்கும். பென்டிரைவில் பிரதி எடுத்து அக்கா வீட்டிலும் வைக்கலாம். கடனுக்குக் கொடுத்த சரக்கை வாங்கியவர் பெயரிலேயே பதியலாம். இரட்டைப் பதிவு முறை பழக நாளெடுக்கும். கணக்கீடு படித்த மகள் இருந்தால் பக்கத்தில் இருத்துங்கள். நாலைந்து பேரின் கடன்தான் என்றால் லிப்ரே ஆபிஸ் அட்டவணையே போதும், அதுவும் இலவசம்.

கொப்பியை உடனே விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் இரண்டிலும் எழுதி, தொகை ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.