பால்வீதியின் நடுவில் ஒரு தண்டு

"அக்கா, நம்ம பால்வீதி வட்டமாத்தானே இருக்கு?" என்று போன வாரம் பட்டர்வொர்த் நேயர் ஒருவர் கேட்டார். அடுத்த பாட்டு காத்திருந்தது. "ஓரளவுக்கு வட்டம்தான் தம்பி, ஆனால் நடுவில் ஒரு தண்டு இருக்கு" என்று முடித்துவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பால்வீதியின் மையத்தில் கோடிக்கணக்கான விண்மீன்கள் நீள்வட்டப் பாதைகளில் சுற்றுகின்றன. அந்தப் பாதைகள் ஒரே வாக்கில் நீண்டு கிடப்பதால், சேர்த்துப் பார்த்தால் தண்டு மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்துச் சுருள் மண்டலங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு இது உண்டு.

நம் வீட்டுத் தண்டைக் கண்டுபிடிப்பதில்தான் சிரமம். பினாங்குப் பாலத்தைப் பிறைப் பக்க முனையில் நின்று பார்த்தால் அதன் 13.5 கிலோமீட்டர் நீளம் தெரியாது. ஃபெரியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். நாம் தண்டின் முனைப் பக்கமாக நிற்கிறோம். நடுவில் தூசி வேறு. 1964-இல் ஜெரார் டி வோகூலர் ஊகித்ததற்கு, 1991-இல்தான் அகச்சிவப்புக் கதிர்களில் வலுவான சான்று கிடைத்தது.

இந்தத் தண்டும் சுழல்கிறது. இங்கேதான் நம் சுப்ரமணியன் சந்திரசேகர் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். 'சந்திரசேகர் எல்லை'யை எல்லோரும் சொல்கிறோம். 1943-இல் அவர் எழுதிய 'இயக்க உராய்வு' பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

தைப்பூசத்தையொட்டி வெள்ளி ரதம் போகப் போகப் பின்னால் கூட்டம் சேருமே, அதுபோலக் கனமான ஒன்று விண்மீன்களுக்கு நடுவே நகர்ந்தால், அதன் ஈர்ப்பால் பின்னால் கூட்டம் சேரும். ரதத்தை யாரும் பின்னுக்கு இழுப்பதில்லை. விண்வெளியில் அந்தக் கூட்டமே இழுக்கும். வேகம் குறையும்.

2021-இல் பிரிட்டனில் இருவர், கையா விண்கலத் தரவுகளைக் கொண்டு, நம் தண்டின் சுழற்சி அது தோன்றியதிலிருந்து குறைந்தது 24 விழுக்காடு தளர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இழுத்துப் பிடிப்பது எது? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்கிறார்கள். கரும்பொருளே கிடையாது, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று வாதிடுபவர்களுக்கு இது சங்கடமான கணக்கு.

ஆகஸ்டில் நிலவில்லாத இரவு, ஒன்பது மணிக்கு மேல், பாலிக் புலாவ் பக்கம் இருட்டான இடத்தில் நின்று தெற்கே பாருங்கள். ஜோர்ஜ்டவுன் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. தேளின் வால் நுனியில் மூல நட்சத்திரம். பால்வீதியின் மையம் அதற்குப் பக்கத்தில்தான். மூலத்தில் பிறந்த பெண் ஆகாது என்று இன்னமும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் மாமிகளுக்கும் காட்டுங்கள்.