நான்காம் தந்தியைக் கழற்றாதீர்கள்

யுகுலேலேக்கு ஒரு பிறந்த நாள் குறிக்க வேண்டுமானால் ஆகஸ்ட் 23-ஐக் குறிக்கலாம். 1879-இல் அன்றுதான் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காகப் போர்ச்சுக்கலின் மதீராத் தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டோர் அதில் வந்து இறங்கினார்கள். அவர்களில் மனுவல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ ஆகிய மூவரும் மரவேலைக்காரர்கள். ஊரில் பழகிய நான்கு தந்தி வாத்தியத்தை ஹவாயின் கோவா மரத்தில் அவர்கள் இழைக்கத் தொடங்கியதிலிருந்து யுகுலேலேயின் கதை வளர்கிறது. ஹவாய் மன்னர் கலாகாவா அதை ஆதரித்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் கொண்டு சேர்த்தது. இந்தக் கப்பல் கதை அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த வாத்தியத்தில் புதிய இசை எப்படிப் பிறக்கிறது என்பதுதான் போதிய அளவு எழுதப்படவில்லை.

தந்திகளின் சுருதி ஜி, சி, ஈ, ஏ. சி-யை ஸட்ஜமாக வைத்தால் ப, ஸ, க, த. வாசிப்பவரின் முகத்துக்கு மிக அருகில் இருக்கும் நான்காம் தந்தி, கிட்டாரில் இருப்பதுபோல மந்தரத்தில் ஒலிப்பதில்லை. அதன் பஞ்சமம் ஸட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் மேலே, முதல் தந்தியின் தைவதத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

வாத்தியம் கைக்கு வந்த சில நாட்களிலேயே பலர் அந்தத் தந்தியைக் கழற்றிவிட்டு, தடித்த ஒன்றைப் போட்டு, ஜி-யை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுகிறார்கள். இதனால் அடியில் ஐந்து அரைச்சுரங்கள் கூடுதலாகக் கிடைப்பது உண்மை. ஆனால் யுகுலேலேக்கே உரிய குரல் அத்துடன் போய்விடுகிறது. கற்பிப்பவர்களிலேயே சிலர் இதைப் பரிந்துரைப்பதும், நான்கு கார்டுகளைக் காட்டிப் பிறர் பாட்டுக்குத் தாளம் தட்டுவதோடு பாடத்தை முடித்துக்கொள்வதும் வருத்தம் தருகின்றன.

பாணிக்குப் பாணி இசையமைக்க விரும்புபவர் முதலில் கவனிக்க வேண்டியது வலக்கையை. மேலிருந்து கீழே மீட்டினாலும் கீழிருந்து மேலே மீட்டினாலும் வீச்சு முடிவது உயர்ந்த ஒலியில்தான். தாழ்ந்த ஒலிகள் நடுவில் இருக்கின்றன. ஹவாய்ப் பாடல்களில் அடிகளுக்கு இடையே வரும் டி7, ஜி7, சி என்ற சுழற்சி துள்ளுவதற்கு இது ஒரு காரணம். ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கும் ஃபிளமெங்கோ வரிசையை விரல்களை விரித்து வீசும்போதும் அதே பளபளப்பு கிடைக்கிறது. பன்னிரண்டு பார் ப்ளூஸும் வரும். எல்லை என்றால் இரண்டைச் சொல்லலாம்: பன்னிரண்டு ஃப்ரெட் உள்ள சோப்ரானோவில் ஒன்றே முக்கால் ஸ்தாயிதான் உண்டு, நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். நீண்ட கார்வையை நம்பி மெட்டுப் போட முடியாது. ஆனாலும் ஹொனலுலுக்காரரான யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ புரூஸ் லீயை நினைத்து ‘டிராகன்’ என்ற ஆவேசமான உருப்படியையும், ‘143’ என்ற மென்மையான காதல் உருப்படியையும் அமைத்தார். அவர் நான்காம் தந்தியை உயரத்திலேயே வைத்திருக்கிறார்.

அந்தத் தந்தியின் முழு அருமையையும் காட்டியவர் யுகுலேலே கலைஞர் ஜான் கிங். பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதியை அவர் யுகுலேலேயில் வாசித்த பதிவு, திரும்பத் திரும்பக் கேட்கத் தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் காஸ்பர் சான்ஸ் போன்ற கிட்டார் கலைஞர்கள் கையாண்ட காம்பனெல்லா முறையை அவர் மீட்டெடுத்தார். அடுத்தடுத்த சுரங்களை முடிந்தவரை வெவ்வேறு தந்திகளில் வாசிப்பதே முறை. முன் சுரம் அடங்குவதற்குள் பின் சுரம் எழுவதால் கோயில் மணிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒலி படர்கிறது. நாதம் சீக்கிரம் அடங்கும் குறையும் பெரிதும் மறைகிறது.

மோகனத்தின் சுரங்களை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மூன்றாம் தந்தி திறந்தபடி ஸ; அதன் இரண்டாம் ஃப்ரெட்டில் ரி; இரண்டாம் தந்தி க; நான்காம் தந்தி ப; முதல் தந்தி த. மேல் ஸட்ஜம் முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில். ஏறுவரிசை முழுவதற்கும் இடக்கையில் அழுத்த வேண்டியவை இரண்டே இடங்கள். பஞ்சமத்தை மந்தரத்துக்கு இறக்கியவருக்கு இந்த வரிசை இப்படி அமையாது.

ஹவாய் இசையமைப்பாளர் பைரன் யசுயி யுகுலேலேக்கும் சிம்ஃபனி இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவுக்கு ‘காம்பனெல்லா’ என்றே பெயர் வைத்தார். 2015-இல் ஹவாய் சிம்ஃபனியுடன் அதை வாசித்தவர் ஷிமாபுகுரோ. தடித்த தந்தி போட்டிருக்கும் வாசகர்கள் பழைய தந்தியை மறுபடி மாட்டி, மேற்சொன்ன ஆறு சுரங்களையும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.