டர்போ ஆசையா பாஸ்?

செங்கல்பட்டுல கிளம்பி, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்துக்கிட்ட வரும்போது கடல்காத்து மூஞ்சில அறையும் பாருங்க... அப்போ தோணும், ‘நம்ம இன்டர்செப்டர் 650-க்கு ஒரு டர்போ மாட்டினா என்ன?’

ஹோண்டாவுக்கே தோணுச்சு. 1982-ல சி.எக்ஸ்.500 டர்போ வந்துச்சு. நீண்ட பயணத்துக்கான பைக். சுமார் 50 குதிரைசக்தி இன்ஜின், 82-ஐத் தொட்டுச்சு. ஆனா அதுக்காக கம்ப்ரஷனை 10-லேர்ந்து 7.2-க்கு இறக்கினாங்க, கார்புரேட்டரைத் தூக்கிட்டு இன்ஜெக்ஷன் வெச்சாங்க. அது தண்ணியில குளிர்ற இன்ஜின் வேற!

நம்மாளு காத்துலயும் ஆயில்லயும் குளிர்றவர். கம்ப்ரஷன் 9.5. அப்படியே டர்போவை மாட்டினா, மே மாச வெயில்ல ‘நாக்கிங்’ ஆரம்பிச்சு பிஸ்டன் ஓட்டையாகிடும். அதனால பட்ஜெட்ல முதல்ல பிஸ்டன், அப்புறம் இன்ஜெக்ஷன் மேப், கிளட்ச், பிரேக். டர்போ கடைசி! விரட்டி ஓட்டிட்டு உடனே ஆஃப் பண்ணாதீங்க. டர்போ பேரிங்ல ஆயில் கருகிடும். ரெண்டு நிமிஷம் ஐடிலிங் விடுங்க.

இன்னொரு வில்லன், ‘லேக்’. முறுக்கினா ஒண்ணும் நடக்காது, திடீர்னு பிச்சுக்கிட்டுப் போகும். ஈ.சி.ஆர்-ல மாடு குறுக்க வர்ற நேரம் பார்த்தா அது நடக்கணும்?

சட்டமும் சும்மா விடாது. 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே.

ஆசை அடங்கலையா? குட்டியானையில ஏத்தி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டு போங்க. வீட்டுல சொல்லிட்டு!