துப்பாக்கி லைசென்சும் ஒரு கடன்தான்

"துப்பாக்கி வைத்துக்கொள்வது என் உரிமை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. எந்தச் சட்டத்தில் என்று மட்டும் கேட்பேன். அமெரிக்காக்காரர்கள் அவர்களுடைய அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தைக் காட்டுவார்கள். நமக்குக் காட்ட அப்படி ஒன்றும் கிடையாது. நமக்கு இருப்பது 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம். அதன்படி துப்பாக்கி என்பது அரசாங்கம் நிபந்தனை போட்டுக் கொடுக்கிற அனுமதி, அவ்வளவுதான். பி.காம். படித்துவிட்டு இத்தனை வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு, நிபந்தனை போட்டுக் கொடுக்கிற எதைப் பார்த்தாலும் கடன் ஞாபகம்தான் வரும் :-)

கொடுப்பதற்கு முன்னால் நடக்கிற விசாரணையில் பெரிய குறை சொல்ல முடியாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2016ல் வந்த விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ், மனநலம் உடல்நலம் பற்றி டாக்டர் சான்றிதழ், பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று உறுதிமொழி எல்லாம் உண்டு. ஒவ்வொரு லைசென்சுக்கும் தனி அடையாள எண் வேறு. எங்கள் பாஷையில் சொன்னால் கே.ஒய்.சி. பக்கா.

ஆனால் கடன் கொடுத்த மறுநாள்தான் மேனேஜருக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. வாங்கின டிராக்டர் வீட்டு வாசலில் நிற்கிறதா, மாடு தொழுவத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரணும். துப்பாக்கி விஷயத்தில் நாம் கோட்டை விடுவது இங்கேதான். 2019ல் செய்த திருத்தம் ஒரு ஆள் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ரொம்ப நல்லது. அதே திருத்தம் லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியும் விட்டது. ஐந்து வருஷத்தில் ஒரு மனுஷனுக்கு என்னவெல்லாம் நடக்கும்? வியாபாரம் நொடிக்கலாம், குடிப்பழக்கம் வரலாம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வெட்டுப்பகை ஆகலாம். அப்படிப்பட்டவரின் லைசென்சை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய 17ஆம் பிரிவு இருக்கிறது. கலெக்டருக்கு யார் போய்ச் சொல்வது என்பதுதான் கேள்வி.

சித்தூரில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி எழுதினால் 2015 நவம்பர் 17ஐத் தாண்டிப் போக முடியாது. மேயர் கட்டாரி அனுராதா மாநகராட்சி அலுவலகத்தில் தன் அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கணவர் மோகனைக் கத்தியால் குத்தினார்கள். வேலூருக்குக் கொண்டுபோயும் அவர் பிழைக்கவில்லை. கொலைகாரர்கள் பர்தா போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். முதல் குற்றவாளி வெளியாள் இல்லை, மோகனுக்கு நெருங்கிய உறவு. 2025 அக்டோபர் கடைசியில் சித்தூர் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பு வரவே பத்து வருஷம்.

"அந்தம்மா கையில ஒரு துப்பாக்கி இருந்திருந்தா கதையே வேற சார்" என்று இந்த ஊரில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனு கொடுக்க வருகிற பொம்பளை என்று நினைத்து நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மேஜை டிராயரில் துப்பாக்கி இருந்தால் அது டிராயரிலேயேதான் இருந்திருக்கும். அன்றைக்குத் தேவைப்பட்டது வாசலில் ஒரு சோதனை.

அது எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். எழுபது கிலோமீட்டரில் திருப்பதி. அலிபிரியில் கோடீஸ்வரன் கார் ஆனாலும் நிறுத்தி, ஆளை இறக்கி, பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் மலைக்கு விடுகிறார்கள். துப்பாக்கியோடு மேலே போக முடியாது. இதனால் என் உரிமை போச்சு என்று ஒரு பக்தர் கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. கோவிந்தா போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறோம்.

ஒரு வாடிக்கையாளர் லைசென்சுக்கு மனு போடப்போவதாகச் சொல்லி, "நிறைய ரொக்கம் எடுத்துட்டுப் போறவர்னு ஒரு லெட்டர் குடுங்க சார்" என்று வந்தார். கணக்கைப் பார்த்தேன். வரவு செலவு எல்லாம் செக்கிலும் ஆன்லைனிலும்தான். ரொக்கமே இல்லையே சார் என்றேன். சிரித்துக்கொண்டே, "இடுப்புல இருந்தா ஒரு மரியாதை சார்" என்றார். லெட்டர் கொடுக்கவில்லை. மரியாதைக்குத் துப்பாக்கி கேட்பவரிடம்தான் துப்பாக்கியைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பயிர்க்காவலுக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டமே வழி விட்டிருக்கிறது. பலமனேர், குப்பம் பக்கம் ராத்திரியில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024லும் அப்படித்தான். அறிவிப்பிலிருந்து முடிவு வரும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் துப்பாக்கி இல்லாமல் நிம்மதியாகத் தூங்க முடிந்தவருக்கு, மற்ற மாதங்களில் மட்டும் எதற்கு?

தேர்தல் சமயத்தில் வங்கிக் காவலர்களின் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. அதனால் பொறுப்பாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று தினமும் பார்க்கிறேன். எங்கள் கிளையில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வாசலில் நிற்பார். வேலை முடிந்ததும் தோட்டாவைக் கழற்றி எண்ணி, துப்பாக்கி ஒரு இடம், தோட்டா வேறு இடம் என்று பூட்டி, ரிஜிஸ்டரில் அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. கணக்கில் ஒரு தோட்டா குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. லாக்கர் அறைப் பணத்துக்கு இரண்டு பேர் சாவி இருப்பது போலத்தான் இதுவும். ஒருத்தருக்குக் கோபமோ சபலமோ வந்தாலும் இன்னொருத்தர் இருப்பார். வீட்டுத் துப்பாக்கிக்கு அந்த இன்னொருத்தர் இல்லை. அங்கே கோபம் வருவதும் பெரும்பாலும் மனைவி மேலும் பங்காளி மேலும்தான்.

அதனால் நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. வருஷம் ஒரு தடவை ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து துப்பாக்கி, தோட்டா, பூட்டு மூன்றையும் பார்க்கட்டும். வீட்டுப் பெண்களிடம் தனியாக நாலு வார்த்தை கேட்கட்டும். அடிதடி, குடும்ப வன்முறை என்று புகார் பதிவான அன்றைக்கே துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகட்டும், விசாரணை அப்புறம் நடக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கடன்காரர் இறந்துபோனால் வாரிசைத் தேடிக்கொண்டு நாங்கள் போவோம். லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கி பரணில் கிடக்கும், பேரன் கையில் கிடைக்கும் வரை. தாத்தா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கிறதா? 21ஆம் பிரிவுப்படி அதைப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஞாபகார்த்தத்துக்கு அவர் போட்டோ போதும். ரசீது வாங்க மறந்துவிடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.